கோழிக்குள் பாண்

திருகோணமலை அன்புவழிபுரத்தில் முதன்முதலாக முழுக்கோழியைப் போறணையில் வைக்கப் போகிறவர்களுக்கு இன்றைய தகவல்.

1.5 கிலோ கோழி போதும். அதற்குமேல் பழகிய கைக்கு. ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரத்தோல் மொறுமொறுக்காது, அவிந்துவிடும். பிறகு உப்பும் மிளகுத்தூளும் எண்ணெயும் பூசுங்கள்.

உள்ளே வைக்க, முதல்நாள் பாணை உதிர்த்து, வதக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு பிசையுங்கள். கஜு சேர்த்தால் இன்னும் விசேஷம். பாண் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது. 1624இல் அவர்கள் திருகோணமலையில் கட்டிய கோட்டையைப் பின்னர் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பாணோ நம்மோடு தங்கிவிட்டது.

அடுப்பேற்றும் நேரத்தில்தான் நிரப்ப வேண்டும், அதுவும் தளர்வாக. இறுக்கித் திணித்தால் சூடு நடுவுக்குப் போகாது. 180 பாகையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வெப்பமானி இருந்தால் தொடையிலும் பாண் கலவையின் நடுவிலும் 74 பாகை காட்டட்டும். நிறத்தை மட்டும் நம்பி இறக்காதீர்கள்.

இனி கிரேவி. தட்டில் வடிந்த கொழுப்பில் ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவை வறுத்து, கோழிக்கழுத்து அவித்த நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்குங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கட்டிதான் மிஞ்சும். கடைசியில் ஒரு சொட்டுத் தேசிக்காய்ப்புளி. அதுவரை, 15 நிமிடமாவது, கோழியை வெட்டாமல் ஆறவிடுங்கள். சாறு இறைச்சியிலேயே நிற்கும்.