ஔஷத தானமும் ஒரு பூனைக்குட்டியும்

(தசலக்ஷணப் பருவ நிறைவில், க்ஷமாவணி நாளன்று ஆற்றிய உரை)



உயிரிரக்கம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். இத்தலைப்பு நமக்குப் புதிதன்று. கொல்லாமையின் சிறப்பை நம் வீட்டுப் பிள்ளைகள்கூட அழகாகப் பேசிவிடுவார்கள். நானும் வகுப்பறையில் பல்லாண்டு பேசியிருக்கிறேன். ஆனால் இன்று க்ஷமாவணி. ஆகவே பிறர்க்கு அறம் உரைப்பதை விடுத்து, கடந்த மார்கழியில் என் கையால் ஒரு சிற்றுயிர்க்கு நேர்ந்த துன்பத்தை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு அதிகத் தொலைவில்லை. மழை ஓய்ந்திருந்த ஒரு நாள், டச்சுக்காரர் கல்லறைகளைக் காண வேண்டுமென்று பேரன் அடம்பிடித்ததால் அவனை அழைத்துச் சென்றிருந்தேன். திரும்புகையில் ஏரிக்கரையில் படகுகள் கட்டும் இடத்தில், குவித்துவைத்த வலைக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. வலையை விலக்கிப் பார்த்தோம். நனைந்து சுருண்ட ஒரு பூனைக்குட்டி. கண்கள் பீளையால் ஒட்டிக்கிடந்தன. ஆறு வாரம் இருக்கலாம். தாய் மூன்று நாளாக வரவில்லை என்று அங்கே மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஓர் அம்மையார் சொன்னார். பேரன் என் முகத்தைப் பார்த்தான். தாத்தா இத்தனை நாள் சொன்னதெல்லாம் மெய்தானா என்று கேட்பது போலிருந்தது அப்பார்வை. குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். அவர் கண்ணுக்குக் களிம்பும், குடற்புழு நீங்க ஒரு வாய்மருந்தும் தந்தார். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும், கொடுக்க வேண்டாம் என்றார். உடம்பெல்லாம் ஊர்ந்த தெள்ளுப்பூச்சிகளைக் காட்டினேன். “இந்த வயதில் மருந்து வேண்டாம் ஐயா, பேன் சீப்பால் நாள்தோறும் வாரி எடுங்கள், போதும்” என்றார். அச்சொல் எனக்கு நிறைவளிக்கவில்லை. சீப்பும் ஒரு வைத்தியமா என்று எண்ணினேன். படித்தவர்க்கு உரிய நோய் இது.

அன்று மாலை பக்கத்து வீட்டார் தங்கள் நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்தில் மிச்சம் இருப்பதாகச் சொல்லித் தந்தனர். பிடரியில் சொட்டுவிட வேண்டிய மருந்து. பெரிய நாய்க்கு ஒரு குப்பி என்றால் இத்துணைச் சிறிய குட்டிக்கு நான்கு சொட்டுப் போதும் என்று கணக்கும் போட்டு, நானே விட்டேன். மனத்தில் ஒரு நிறைவு. ஆகார, ஔஷத, சாஸ்திர, அபய தானங்கள் நான்கனுள் மூன்றை ஒரே நாளில் செய்துவிட்டதாக ஒரு பெருமிதம் என்றே சொல்ல வேண்டும்.

நள்ளிரவில் குட்டி நடுங்கத் தொடங்கியது. முதலில் குளிர் என்று நினைத்தோம். பின்னர்க் காதுகள் துடித்தன. தோல் அலையலையாகச் சுருங்கிற்று. தொட்டால் உடம்பே துள்ளியது. விடியுமுன் மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பினேன். “நீங்கள் கொடுத்த புழு மருந்துதான் இப்படிச் செய்துவிட்டது, ஓர் உயிரென்று பார்க்க வேண்டாமா?” என்று கடிந்து பேசினேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: “வேறு மருந்து ஏதும் கொடுத்தீர்களா ஐயா?” இல்லை என்றேன்.

அது பொய்யா? அப்போது பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை. கொடுக்கவில்லை, தடவினேன். தமிழ் படித்தவனுக்குச் சொல்லின் இடுக்கில் ஒளிந்துகொள்ளத் தெரியாதா? என் மருமகள்தான் குப்பைக் கூடையிலிருந்து அந்த அட்டைப் பெட்டியை எடுத்துவந்து, “மாமா, இதை அவரிடம் சொன்னீர்களா?” என்று கேட்டாள். பெட்டியின் ஓரத்தில் ஒரு பூனையின் படம். அதன்மேல் குறுக்காக ஒரு கோடு. கீழே பொடியெழுத்தில் ‘பெர்மெத்ரின்’ என்றிருந்தது.

அந்த மருந்தைப் பற்றிப் பின்னர் மருத்துவரிடம் கேட்டறிந்தேன். பெர்மெத்ரினை நாயின் ஈரல் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. ஆகவே அது நரம்புகளில் தங்கி நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கும், உயிரையும் வாங்கும். நம் வீட்டில் காய்ச்சலுக்கு விழுங்குகிறோமே பாராசிட்டமால், அதுவும் பூனைக்கு நஞ்சே. ஒரு மாத்திரையே கொல்லப் போதுமானது. நாய்க்கு ஆவது பூனைக்கு ஆகாது. நமக்கு ஆவதும் ஆகாது. எடைக்குத் தக அளவைக் குறைத்தால் தீங்கில்லை என்ற என் கணக்கு அடியோடு தவறு.

மீண்டும் பேசினேன். இம்முறை உள்ளதைச் சொன்னேன். அவர் சினக்கவில்லை. அம்மருந்து எண்ணெய்ப்பசை உடையது, பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பால் வெதுவெதுப்பான நீரில் பிடரியைக் கழுவுங்கள், உடனே ஈரம் போகத் துடைத்துச் சூடாக வைத்துக் கொண்டுவாருங்கள் என்றார். இதற்கு மாற்று மருந்து கிடையாதாம். தசை நடுக்கத்தை அடக்க ஊசி போட்டு, ஒளியும் ஓசையும் இல்லாத இடத்தில் வைத்துக் காத்திருப்பதே வழி. இரண்டு இரவு அதன் அருகே உட்கார்ந்திருந்தேன். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை ஆறும்போதெல்லாம் மாற்றுவதொன்றே என் வேலை. மூன்றாம் நாள் அது தலையை நிமிர்த்தி நக்கிக் குடித்தது.

குட்டிதான் பிழைத்துவிட்டதே, கெட்ட எண்ணமும் இல்லையே, பிறகென்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். நானும் அந்த ஆறுதலைத் தேடி நூலைப் புரட்டியவன்தான். அகிம்சை அணுவிரதத்துக்கு அதிசாரங்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், ஊணும் நீரும் தடுத்தல். இவற்றுள் எதையும் நான் செய்யவில்லை. ஆனால் தத்துவார்த்த சூத்திரத்தின் அதே ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமிகள் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், வெறுப்பை முன்வைக்கவில்லை. பிரமாதத்தை, அதாவது விழிப்பற்ற சோர்வை முன்வைக்கிறார். புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திராசாரியார் இன்னும் நெருங்கி வருகிறார். விழிப்போடும் பற்று வெறுப்பின்றியும் ஒழுகுபவரால் ஓர் உயிர் நீங்கினும் அது ஹிம்சையாகாது. சோர்ந்தவரிடத்திலோ, உயிர் நீங்கினும் நீங்காவிடினும், ஹிம்சை முன்னே ஓடுகிறது என்பது அவர் கருத்து. அந்த இடத்தைப் படித்ததும் நூலை மூடிவிட்டேன். மருத்துவர் தந்த மருந்தால் குட்டி இறந்திருந்தாலும் அவர்மேல் பழியில்லை. என் மருந்தால் அது பிழைத்திருந்தாலும் என்மேல் உண்டு.

ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்துச் செய்க என்பது ஆதான நிக்ஷேபண சமிதி. முனிவர்க்கு உரியது என்று அதைத் தள்ளிவைத்திருந்தேன். பெட்டியின் ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். விடியலில் ஒரு மனிதரைக் கடிந்தேனே, அங்கே பாஷா சமிதியும் போயிற்று.

இது என் வீட்டோடு முடிகிற செய்தியும் அன்று. மாடுகளின் வலி தீர டைக்ளோஃபெனாக் என்ற மருந்தை நாடெங்கும் கொடுத்தோம். பசு படும் வேதனை பொறாமல் கொடுத்தவர்களும் அதில் உண்டு. அம்மாடு இறந்தபின் அதன் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. காரணம் இதுவே என்று 2004இல்தான் ஆய்வில் வெளிப்பட்டது. 2006இல் கால்நடைக்கு அதைப் பயன்படுத்துவதை இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகுகளில் 100க்கு 99க்கு மேல் அழிந்துவிட்டன. கழுகுக்குத் தீங்கு நினைத்தவர் எவருமிலர்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. நம்மவர் அவையில் அதை மறைப்பது முறையன்று. பூனை ஊனுண்டே வாழும் உயிர். டாரின் என்னும் சத்தை அதன் உடல் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. அச்சத்து பெரும்பாலும் ஊனிலும் மீனிலும்தான் உள்ளது. அது கிட்டாவிடில் கண்ணொளி மங்கும், இதயம் தளரும். தயிர்ச்சோற்றில் பூனை வளர்ப்பேன் என்பது, ஊணைத் தடுத்தல் என்னும் ஐந்தாம் அதிசாரத்தில் கொண்டுபோய் விடும். டெல்லி சாந்தினி சௌக்கில் நம் சமயத்தார் நடத்தும் பறவை மருத்துவமனையில், ஊனுண்ணும் பறவைகளை மற்றப் பறவைகளோடு தங்கவைப்பதில்லை. வந்தவுடன் மருந்திட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஏற்பாடு எனக்கு ஒரு வழியைக் காட்டிற்று. தேறும்வரை பூனைக்குட்டிக்குரிய பால்மாவும், மருத்துவர் சொன்ன பெட்டி உணவும் கொடுத்தோம். அதில் மீன் இருந்தது. அந்நாட்களில் அதன் கிண்ணத்தை நான்தான் கழுவினேன். என் மனைவி அறையின் வாசலைக் கூடத் தாண்டவில்லை. அவளைக் குறை சொல்லவும் எனக்கு நாவெழவில்லை.

தை பிறந்ததும் மருத்துவரிடம் சென்று கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கள் ஐயா, பெட்டியைக் கொண்டுவந்து காட்டினீர்களே, பலர் கடைசிவரை சொல்வதில்லை” என்றார். அதை எடுத்துத் தந்தவள் என் மருமகள் என்பதை அவரிடமும் சொன்னேன்.

பிறகு குட்டியைப் பழவேற்காட்டுக்கே கொண்டுபோனோம். மீன் ஆய்ந்துகொண்டிருந்த அதே அம்மையார், “வலைய எலி கடிக்குது, இருக்கட்டும் ஐயா” என்று வாங்கிக்கொண்டார். அவரிடம் இரண்டு செய்தி சொன்னேன்: பேன் சீப்பைத் தவிர வேறொன்றும் வேண்டாம், காய்ச்சல் மாத்திரை கொடுக்கவே கூடாது. சீப்பையும் கொடுத்துவிட்டு வந்தேன். சென்ற ஆவணியில் மீண்டும் போனோம். படகின் விளிம்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பேரன் கூப்பிட்டான். ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.