ஏணிக்கு மேலே நடக்கும் வேலை

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. நமக்கு முன் பேசிய பெருமக்கள் அதனைக் குறைவறப் பேசிவிட்டனர். ஆதலின் விழாக் குழுவினரின் இசைவோடு வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். வண்டியின் மேற்கூரையில் பாரம் ஏற்றுவதும் இறக்குவதுமே அப்பொருள். இதில் பேச என்ன இருக்கிறது என்று பின்வரிசையில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. ஆனால் இம்மன்றத்தில் இருப்போரின் வீடுகளில், தந்தையோ, மாமனோ, அண்ணனோ ஒருவராவது தாம்பரம் நெடுஞ்சாலையில் மூட்டை தூக்காத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இச்சங்கத்தின் முதல் ஆண்டுச் சந்தாப் புத்தகத்தைப் புரட்டினால், அன்றாடம் கிடைத்த ஏற்றுகூலியிலும் இறக்குகூலியிலும் இருந்து வந்த சிறு தொகைகளே பக்கம் பக்கமாக உள்ளன.

நாம் பள்ளியில் பயின்ற எண்பதுகளில் தாம்பரத்தின் தோற்றம் வேறு. தொலைதூரப் பேருந்துகளுக்கென 1980-இல் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் தனியே அமைந்தது. பாரிமுனையில் புறப்படும் பேருந்துகள் தென்மாவட்டங்களை நோக்கித் தாம்பரம் வழியே செல்லும். பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், முடிச்சூர்ப் பகுதி மக்கள் இங்கு வந்துதான் ஏறுவர். பேருந்தின் பின்புறம் இரும்பு ஏணி. மேலே கம்பி வேலி கட்டிய கேரியர். தகரப் பெட்டி, படுக்கைச் சுருள், பாத்திரக் கட்டு, மிதிவண்டி என யாவும் மேலேதான் போகவேண்டும். செங்கற்பட்டுப் பக்கமிருந்து வரும் பேருந்துகளிலோ காய்கறிக் கூடைகளும் பூக்கூடைகளும் இலைக்கட்டுகளும் விடியுமுன் வந்து இறங்கும். வண்டி நிற்கும் சில நிமிடங்களுக்குள் அனைத்தும் ஏறவேண்டும், அனைத்தும் இறங்கவேண்டும். அதைச் செய்து முடித்தவர்கள் பெரும்பாலும் நம் தெருக்காரர்கள்.

இங்கே வரலாற்றைச் சற்றுத் தொட்டுச் செல்வது நலம். 1920-களிலும் 1930-களிலும் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் தனியார் பேருந்து முதலாளிகள் ஆதிதிராவிடர்களைப் பயணிகளாக ஏற்ற மறுத்தனர். பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் நம்மவர்க்கு உரிமை உண்டென்று, செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் 1924-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர நேர்ந்த காலம் அது. இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த பட்டிவீரன்பட்டி சௌந்திரபாண்டியனார், ஒடுக்கப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று ஆணையிட்ட பின்னரே அங்கே கதவு திறந்தது. சரக்கைத் தூக்க ஆள் தேடியபோது எவரும் சாதி கேட்டதாக நாம் அறியோம். இருக்கை கேட்டபோதுதான் கேட்டனர்.

இனி வேலைக்கு வருவோம். பாரம் ஏற்றுவதற்கு உடல்வலு போதும், அறிவு வேண்டா என்பது கீழே நின்று பார்ப்போரின் எண்ணம். ஏணிக்கு மேலே நடப்பது வேறு. முதலில் கடைசி ஊரில் இறங்கும் மூட்டை ஏறவேண்டும். முதல் ஊரில் இறங்குவது கடைசியாக ஏறவேண்டும். இருபது மூட்டைக்கும் உரியவர் எவர், எந்த ஊர் என்பதைச் சீட்டின்றி, எழுத்தின்றி, மனத்திலேயே வைத்திருந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கனத்தவை கூரையின் தரையோடு படியவேண்டும். அவையும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட பகுதியில் அமையவேண்டும். பின்னால் குவித்தால் வண்டியின் முகம் தூக்கும்; ஒருபக்கம் குவித்தால் வளைவில் சாயும். கூரைமேல் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வண்டியின் ஈர்ப்பு மையத்தை மேலே உயர்த்துகிறது. அதை நாம் பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்கிறோம். பள்ளி வாசலையே மிதியாத பெரியவர் அதனைத் தம் உள்ளங்காலில் அறிந்திருந்தார். வண்டி கிளம்புமுன் கேரியரின் நடுவில் நின்று, இடப்புறமும் வலப்புறமும் மாறி மாறி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

கயிற்றைப் பற்றி ஒரு வகுப்பே எடுக்கலாம். சணல் கயிறும் பருத்திக் கயிறும் மழையில் நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். நைலான் கயிறு பாரம் தாங்கினால் நீளும். ஆகவே ஒரே கட்டு எல்லா நாளுக்கும் பொருந்தாது. முடிச்சு, இழுக்க இழுக்க இறுகவேண்டும். இறக்கும் இடத்தில் ஒரு நுனியைச் சுண்டினால் அவிழவும் வேண்டும். அவிழாத முடிச்சைக் கத்தியால் அறுப்பவனை அந்தக் கூட்டத்தில் தொழிலாளி என்றே மதிக்கமாட்டார்கள். வண்டி சில கிலோமீட்டர் ஓடியதும் மூட்டைகள் அமுங்கிக் கயிறு தளரும். அடுத்த நிறுத்தத்தில் யாரேனும் மேலேறி அதனை மீண்டும் இழுத்துக் கட்டவேண்டும். தார்ப்பாயை முன்னிருந்து பின்னாகக் கவிழ்க்கவேண்டும். மாறாக மூடினால் எதிர்க்காற்று அதற்குள் புகுந்து கிழித்துவிடும்.

ஏற்றுவதைவிட இறக்குவதே ஆபத்து. ஏறும் பாரம் நம் கைவேகத்துக்கு ஏறும். இறங்கும் பாரமோ, பிடி தவறினால் தன் வேகத்துக்கு இறங்கும். ஆதலின் மேலிருப்பவர்க்கும் கீழிருப்பவர்க்கும் இடையே ஒரே ஒரு சொல் உண்டு: ‘பிடிச்சாச்சு’. அந்தச் சொல் காதில் விழாமல் மேலே இருப்பவர் கை எடுக்கக்கூடாது. ஏணியில் இறங்கும்போது முகம் வண்டியை நோக்கி இருக்கவேண்டும். இரு கால் ஒரு கை, அல்லது இரு கை ஒரு கால் எப்போதும் ஏணியைத் தொட்டிருக்கவேண்டும். மேலே மின்கம்பி தாழ்ந்து செல்கிறதா என்று பாராமல் நிமிரக்கூடாது. சித்திரை வெயிலில் கூரைத் தகடு அடுப்பின்மேல் வைத்த கல்லைப்போல் காயும். வெறுங்காலோடு ஏறியவர்களின் பாதங்களைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. ஆள் மேலே இருக்கும்போதே வண்டியை நகர்த்துவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. ஓடும் வண்டியின் கூரையில் எவரும் பயணம் செய்யலாகாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு சொல்கிறது. ஓட்டுநர் அவசரப்பட்டால், ‘நான் இறங்கிய பிறகே வண்டி நகரும்’ என்று சொல்ல நமக்குச் சட்டமே துணை நிற்கிறது.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் ‘வேலை’ என்னும் பாடம் நடந்துகொண்டிருந்தது. விசையும், அவ்விசையின் திசையில் நகர்ந்த தொலைவும் பெருக்கினால் வருவது வேலை என்பது பாடம். தலையில் சுமையோடு சமதரையில் நடப்பவர் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை சுழியம் என்று எடுத்துக்காட்டும் உண்டு. ஒரு மாணவன் எழுந்தான். “அப்படியானால் என் அப்பா நாள் முழுவதும் வேலையே செய்யவில்லையா, ஐயா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது; அவன் சிரிக்கவில்லை.

அவனையே கரும்பலகைக்கு அழைத்துக் கணக்குப் போடச் சொன்னோம். ஐம்பது கிலோ மூட்டை ஒன்றை மூன்று மீட்டர் உயரக் கூரைக்கு ஏற்றினால் 1,470 ஜூல். நூறு மூட்டை ஏற்றினால் 1,47,000 ஜூல். அதாவது சுமார் 35 கிலோ கலோரி. ஓர் இட்லி தரும் ஆற்றலைக்கூட அது எட்டவில்லை! வகுப்பு மீண்டும் சிரித்தது. இம்முறை அவனும் சிரித்தான். புத்தகம் பொய் சொல்லவில்லை. மூட்டைக்குச் சேர்ந்த ஆற்றலை மட்டுமே அது கணக்கிடுகிறது. தூக்கியவரின் தசை செலவழிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குகூட மூட்டைக்குப் போய்ச் சேராது. எஞ்சியது வெப்பமாகவும் வியர்வையாகவும் போகிறது. அசையாமல் தாங்கி நிற்கும்போதும் தசை எரிந்துகொண்டே இருக்கிறது. முதுகெலும்பின் வட்டுகள் அமுங்குவதை எந்த ஜூலும் அளப்பதில்லை. மூட்டையின் கணக்கு வேறு, முதுகின் கணக்கு வேறு.

இந்த முதுகின் கணக்கை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள். இரு கல் நட்டு ஒரு கல்லைக் குறுக்கே கிடத்திய எளிய அமைப்பு. தலைச்சுமையைக் குனியாமலும் பிறர் துணையின்றியும் இறக்கி வைத்து, மீண்டும் ஏற்றிக்கொள்ள ஏற்ற உயரம் அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நிறுத்துவது வழக்கம். உலகம் இதனை விதியாக எழுத வெகுகாலம் ஆயிற்று. ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படுமானால் அதனை விரைந்து குறைக்கவேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. நூறு கிலோக் கோணி மூட்டைகளை முதுகில் வாங்கிய தலைமுறை இன்றும் நம் தெருவில் இருக்கிறது. மாலையில் திண்ணையில் அவர்கள் எப்படி உட்காருகிறார்கள், எப்படி எழுகிறார்கள் என்று கவனித்தால் போதும்.

இருப்புப்பாதைக்கு உட்புறமும் வெளிப்புறமும் இருந்த வேறுபாட்டையும் சொல்லவேண்டும். தாம்பரம் ரயில் நிலையத்துக்கு உள்ளே சுமை தூக்குவோர்க்குச் சிவப்புச் சட்டையும், கையில் எண் பொறித்த பித்தளை வில்லையும் உண்டு. அந்த எண் இருந்ததனாலேயே, 2008-இல் ரயில்வே நிர்வாகம் உரிமம் பெற்ற சுமை தூக்குவோரைப் பாதைப் பராமரிப்புப் பணியில் சேர்த்துக்கொள்ள முன்வந்தபோது, யார் யார் என்று தேடவேண்டியிருக்கவில்லை. நிலையத்தின் வாசற்படிக்கு வெளியே, அதே ஊரில், அதே எடையைத் தூக்கியவர்க்கு வில்லையும் இல்லை, எண்ணும் இல்லை.

எண் இல்லாமையின் விலை என்ன என்பதற்கு ஒன்று சொல்கிறோம். நம்மிடம் பதினொன்றாம் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தை, ஒரு மழை இரவில் தனியார் வண்டி ஒன்றின் ஏணியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். வண்டிக்கு உரியவர் மருத்துவச் செலவுக்கெனச் சிறு தொகை தந்து போய்விட்டார். பின்னர் அம்மையார் தேடிச் சென்று கேட்டபோது, ‘அவர் என்னிடம் வேலை செய்தார் என்பதற்கு என்ன தாள் இருக்கிறது?’ என்றார். தாள் இல்லை. நாம் இருமுறை வீட்டுக்குச் சென்று அழைத்தும் அம்மாணவன் பள்ளிக்குத் திரும்பவில்லை. மூன்றாம் முறை சென்றபோது, தந்தையின் சும்மாட்டுத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு அவன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

இத்தனைக்கும் சட்டம் இருக்கிறது. மராட்டியத்தில் அண்ணாசாகேப் பாட்டீல் திரட்டிய சுமைத் தொழிலாளர்கள் போராடி, 1969-இல் தங்களுக்கெனத் தனிச்சட்டம் பெற்றனர். கூலியை முதலாளி நேரே கையில் தராமல் வாரியத்தில் கட்டவேண்டும் என்பது அதன் உயிர்நாடி. கேரளம் 1978-இல் தொடர்ந்தது. (இறக்காத சுமைக்கு வேடிக்கை பார்த்துக் கூலி கேட்ட ‘நோக்குகூலி’ அங்கே பின்னாளில் வளர்ந்து, 2018-இல் ஒழிக்கப்பட்டது. உரிமை பெற்றோர் நாணயம் தவறினால் ஊர் மதிப்பை இழப்பர் என்பதற்காக இதனையும் சொல்லிவைக்கிறோம்.) தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் வந்தது. அதன்கீழ் நலவாரியம் 1999-இல் அமைந்தது. பதினெட்டு முதல் அறுபது வயதுக்குட்பட்டோர் பதியலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, அறுபதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியன உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்காமல் பெட்டியில் கிடக்கும் அட்டைகள் நம் தெருக்களில் எத்தனை என்பதை இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று பார்க்கவேண்டும்.

கூரைக் கேரியர் அரசுப் பேருந்துகளில் இன்று அருகிவிட்டது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் தென்மாவட்டப் பயணிகளின் கூட்டமும் அங்கே பெயர்ந்தது. பெட்டிகளுக்குச் சக்கரம் முளைத்துவிட்டது. வண்டியின் அடிவயிற்றிலேயே அறை வந்துவிட்டது. ஆயினும் வேலை ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. தார்ப்பாய் போர்த்திய பார்சல் வண்டிகளிலும், ‘குட்டி யானை’களிலும், வீடு மாற்றும் வேன்களின் கூரைகளிலும் ஏறி நிற்போர் இன்றும் நம் பிள்ளைகளே. முன்பாவது ஒரே நிறுத்தத்தில் நின்று ஒருவர்க்கொருவர் அறிமுகமாக இருந்தனர். இப்போது தொலைபேசி அழைப்புக்கு ஓடும் தனியாட்களாகச் சிதறிவிட்டனர்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ‘பெற்றோர் தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. நம் பிள்ளைகள் அதில் தலைகுனிந்தபடி ‘கூலி’ என்று எழுதுகின்றனர். கூலி என்பது பெறும் பணத்தின் பெயர், செய்யும் தொழிலின் பெயரன்று. தலைமை ஆசிரியரின் பிள்ளை ‘சம்பளம்’ என்றா எழுதுகிறது? ‘சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளர்’ என்று முழுமையாக எழுதச் சொல்கிறோம். நம் பள்ளியில் இதனைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறோம். கல்வி உதவி கோரும் படிவத்தோடு அப்பதிவும் ஒத்துப்போவதால் அலுவலகத்தில் கேள்வி குறைகிறது.

வரும் ஞாயிறு காலை பத்து மணி முதல் நம் சங்கப் படிப்பறையில், இங்கு பயின்று பட்டம் பெற்ற இளைஞர்கள் அமர்ந்து நலவாரியப் படிவங்களை நிரப்பித் தருவர். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றை எடுத்துவருக. அட்டை காலாவதியானவர்கள் பழைய அட்டையையும் கொண்டுவருக. தொழில் சான்று எவரிடம் பெறுவது என்பதை அங்கேயே சொல்வர். சனி இரவு பாரம் ஏற்றிவிட்டு விடியலில் உறங்கச் செல்வோர்க்காக, மாலை ஆறு மணி வரை அறை திறந்திருக்கும்.