வாதம் வந்தவர் வீடு திரும்பிய பின்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட் பேசியதன் எழுத்து வடிவம்.)

தண்ணீர் லாரிக் கணக்கும் பார்க்கிங் பஞ்சாயத்தும் முடிந்து, காபி வருவதற்குள் எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார் செயலாளர். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

கடந்த ஒரு வருஷத்தில் நம் குடியிருப்பில் மூன்று வீடுகளில் பக்கவாதம் வந்துவிட்டது. அதில் ஒரு வீட்டு அம்மா போன மாதம் லிப்ட் அருகில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அக்கா, தினமும் ரெண்டு வேளை தவறாம அவருக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கை இன்னும் எழும்பல. நான் எங்கே தப்பு பண்றேன்?" இதை இங்கே சொல்ல அவரே அனுமதி கொடுத்தார். என் பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் என் அம்மாவுக்கு ஒரு காலையில் வாய் கோணியது, வலது கை விழுந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாயங்காலம் கண் விழித்து, குழறிய பேச்சில் காபி கேட்டார். நான் இந்தத் தொழிலில் பத்து வருஷம் போட்டவள். இருந்தாலும் காபி கேட்கும் அம்மாவிடம் இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். இருமினார். முதுகைத் தட்டிவிட்டு மீதியையும் கொடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல், நுரையீரலில் நிமோனியா. பிழைத்து வந்தார். ஆனால் அந்தக் காய்ச்சலில் போன தெம்பு திரும்பவே இல்லை.

மூளையில் அடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் சில நாட்கள் விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாது. குடிப்பது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போகும். சிலருக்கு இருமல்கூட வராது. அதனால்தான் சொல்கிறேன்: விழுங்குகிறாரா என்று நர்ஸோ மருத்துவரோ சோதித்துச் சொல்லும் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.

இது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் ஓர் ஆய்வு நடந்தது, 2011-ல் வெளியானது. புது மருந்து எதுவும் கிடையாது. காய்ச்சலைக் கவனி, சர்க்கரையைக் கவனி, விழுங்குவதைச் சோதி என்று மூன்றே வேலைகளில் நர்ஸ்களைப் பழக்கினார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 90 நாளில் நூற்றுக்கு 58 பேர் இறந்தோ பிறர் கையை எதிர்பார்த்தோ இருந்தார்கள். பழகிய நர்ஸ்கள் பார்த்த இடங்களில் அது 42. மூன்று எளிய காரியங்கள் செய்த வேலை இது.

அடுத்தது, "சீக்கிரம் எழுப்பி நடக்க வையுங்க" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சொல்லும் யோசனை. நாங்களும் அப்படித்தான் நம்பினோம். ஐந்து நாடுகளில் 56 மருத்துவமனைகளில் 2,104 பேரை வைத்து அதைச் சோதித்தார்கள். முடிவு 2015-ல் வந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, அடிக்கடி, அதிக நேரம் நடமாட வைத்தவர்களில் மூன்று மாதம் கழித்து நன்றாக இருந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான வேகத்தில் போனவர்களில் 50 சதவீதம். அவசரம் கெடுதலாக முடிந்தது. படுக்கையிலேயே கிடக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எப்போது, எவ்வளவு என்பதைச் சிகிச்சை தருபவர் சொல்லட்டும்; பார்க்க வந்த சித்தப்பா சொல்ல வேண்டாம்.

காலில் ரத்தம் கட்டாமல் இருக்க நீளமான இறுக்கக் காலுறை வாங்கிப் போடுகிறோம். 2009-ல் வெளியான 2,500-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட ஆய்வில், பக்கவாத நோயாளிகளுக்கு அதனால் ரத்தக்கட்டு குறையவில்லை. தோல் புண்தான் கூடியது. காற்று ஏறி இறங்கும் உறையைக் காலில் மாட்டும் கருவி பலன் தருவதாக 2013-ல் தெரியவந்தது. மருத்துவர் சொல்லாமல் காலுறையில் காசு போடாதீர்கள். புறா ரத்தம் தடவுவதிலும்தான்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

நம் நாட்டில் பயிற்சி தருபவர்கள் குறைவு, குடும்பம் பெரிது. அப்படியானால் குடும்பத்தாரையே பழக்கிவிட்டால் என்ன என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் பாண்டியனும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தினார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். பாதிப் பேரின் வீட்டாருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டுக்கும் போய் இரண்டு மாதம் வரை வழிகாட்டினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் இந்தப் பக்கம் 47 சதவீதம், அந்தப் பக்கமும் 47 சதவீதம்.

இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தேன். எத்தனை மனைவிமார், எத்தனை மகள்கள் "நான் சரியாகச் செய்யவில்லை" என்று ராத்திரி தூங்காமல் கிடக்கிறார்கள்! அவர்களுக்கு இது ஒரு விடுதலை. கை எழும்பாதது உங்கள் குற்றம் இல்லை, அம்மா. மூளையில் எந்த இடம், எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதுதான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. பயிற்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. தேர்ந்தவர்கள் ஒரே பிரிவில் கூடிப் பார்க்கும் பக்கவாதச் சிகிச்சை உயிரையும் காக்கிறது, ஊனத்தையும் குறைக்கிறது. அந்தக் குழுவின் வேலை முழுவதையும் ஒரு மனைவியின் தலையில் கட்ட முடியாது என்பதுதான் செய்தி.

அப்படியானால் வீட்டார் என்ன செய்யலாம்? புதுச் சிக்கல் வராமல் காக்கலாம். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் நழுவி மாதக்கணக்கில் வலிக்கும். பாத்ரூமில் கைப்பிடி போடுங்கள். பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் 'அடம்' என்று சொல்லாதீர்கள். மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மருத்துவம் உண்டு.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டாவது தாக்குதலைத் தடுக்க, குறுஞ்செய்தி, வீடியோ, கையேடு என்று 12 மொழிகளில் அனுப்பி 31 இந்திய மருத்துவமனைகளில் 4,298 பேரிடம் சோதித்தார்கள். ஓராண்டில் தாக்குதல்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை என்று ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் செய்தி வந்தவர்கள் புகையையும் குடியையும் கூடுதலாக விட்டார்கள், மாத்திரையைத் தவறவிட்டது குறைந்தது. ரத்த அழுத்த மாத்திரையை 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று நிறுத்துகிறவர்கள் இந்த ஹாலிலேயே இருக்கிறார்கள். நான் பெயர் சொல்லப்போவதில்லை.

கடைசியாக, முதல் மணி நேரம். முகம் கோணுகிறதா, கை விழுகிறதா, பேச்சு குழறுகிறதா — ஒன்று இருந்தாலும் 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான் பெரும்பாலும் போடுவார்கள். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவா என்று பார்க்க வேண்டும். அதனால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்; மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். ஸ்கேன் வசதியும் ஊசி வசதியும் உள்ள இடத்துக்கு நேரே போங்கள். சனி, ஞாயிறுகளில் வெளியூர் வண்டிகளால் நம் ஊர்த் தெருக்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வழியில் இன்னொரு கிளினிக்கில் நிறுத்திப் பார்க்க நேரம் இல்லை.

சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். கேட் அருகே ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் யாரும் வண்டி நிறுத்தக் கூடாது. நம் லிப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று இந்த வாரமே அளந்து பார்க்க வேண்டும். நுழையாவிட்டால் ஒரு சக்கர நாற்காலி வாங்கி வாட்ச்மேன் அறையில் வைக்க வேண்டும். மூன்றாவது பணம் கேட்காத வேலை: அந்த மூன்று வீடுகளுக்கும் வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம், நம்மில் யாராவது போய் நோயாளியோடு உட்காருவோம். அந்த ஒரு மணி நேரம் அந்த அம்மா கடற்கரைச் சாலை வரை நடந்துவிட்டு வரட்டும்.

வரும் செவ்வாய்க்கிழமை மாலை என் முறை. மற்ற நாட்களுக்குப் பெயர் எழுத நோட்டுப் புத்தகத்தை இதோ மேஜை மேல் வைக்கிறேன். காபி வந்துவிட்டது.