நடைக்கு ஏற்ற காமிரா

ரங்கத்தில் கால்நடையாகச் சுற்றுவோருக்குக் காட்சிக்குக் குறைவில்லை. ஆம்குஞ்சுக் கடற்கரை ஒருபுறம்; தானி நாலாவில் அலையாத்திக் காட்டினூடே செல்லும் பலகைப் பாதை மறுபுறம். இவற்றைப் படமெடுக்க எந்தக் காமிரா தக்கது என்று நண்பர் பலர் வினவுகின்றனர். விற்பனைப் பெயர்களைக் கூறுதல் வானொலிக்கு முறையன்று. தெரிந்தெடுக்கும் வகையை மட்டும் கூறுவோம்.

அலுவலகத் தாள்களில் 'போர்ட்டபிள்' என்னும் சொல் வந்தால், 'கையடக்கமான' என்று மொழிபெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுகிறோம். நடந்து பார்த்தாலன்றோ அச்சொல்லின் பொருள் விளங்குகிறது! கழுத்தில் தொங்கும் ஒரு கிலோ எடை முதல் பர்லாங்கில் தெரியாது. மூன்றாம் மைலில் நன்றாகவே தெரியும். ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்துப் பொறியாளர் ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமா நோயினர். கண்ணாடித் தகடுகள் செருகும் கனத்த கருவியைச் சுமந்து நடக்க அவரால் இயலவில்லை. ஆதலின் சினிமாப் பிலிமில் 24க்கு 36 மில்லிமீட்டர் அளவுப் படம் எடுக்கும் சிறு கருவியை அவர் அமைத்தார். 1925இல் 'லைக்கா' என்று வெளிவந்தது அதுவே.

இன்று பிலிமின் இடத்தைச் சென்சார் பெற்றுவிட்டது. சட்டைப்பையில் அடங்கும் நல்ல காமிராக்களில் 'ஓர் அங்குலச் சென்சார்' என்பர். அளந்தால் அது 13.2க்கு 8.8 மில்லிமீட்டரே, எங்கும் ஓர் அங்குலம் இல்லை! அதனினும் பெரியது 17.3க்கு 13 மில்லிமீட்டர் வகை. பரப்பு ஏறத்தாழ இரு மடங்கு. அலையாத்தி நிழலில் வெளிச்சம் அரிது. ஆங்கே பெரிய சென்சாரும் ஒளி மிகக் கொள்ளும் லென்ஸுமே உதவும். எப் 2.8 துளை, எப் 5.6 துளையைப் போல் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அறுபது மடங்கு ஜூம் என்னும் விளம்பரத்தில் மயங்க வேண்டா.

நம் தேர்வு அந்த இரண்டாம் வகையே. மழைச்சாரல் புகாதவாறு அடைப்புச் செய்த காமிராக்கள் இவ்வகையில் லென்ஸோடு 700 கிராமுக்குள் உள்ளன. உடலுக்கு மட்டும் அடைப்பிருந்து லென்ஸுக்கு இல்லையேல் பணம் வீண். கண் வைத்துப் பார்க்கும் துளையும் வேண்டும். கடற்கரை வெயிலில் பின்புறத் திரை தெரியாது.

ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் தீவில், லென்ஸுக்குப் பெரும்பகை பூஞ்சணம். தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதிலிட்டுப் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பதே நலம்.

கத்பர்ட் வளைகுடாவில் முட்டையிட வரும் ஆமைகள் வெளிச்சத்தால் கலங்கும். ஆதலின் பிளாஷையும், குவியம் தேட எரியும் சிறு விளக்கையும் முற்றாக அணைக்க இயலுமா என்று கடையிலேயே பாருங்கள்.

1890களில் போர்ட்மன் என்னும் ஆங்கில அதிகாரி அந்தமான் பழங்குடியினரைத் தம் விருப்பம்போல் படமெடுத்தார். இன்று ஜாரவா மக்களைப் படமெடுத்தல் குற்றம். 1956ஆம் ஆண்டு விதிமுறையின் தண்டனைகள் 2012இல் கடுமையாக்கப்பட்டன. ஆகவே தலைநகரிலிருந்து நெடுஞ்சாலை வழியே ரங்கத்துக்கு வருவோர், ஜிர்காடாங்கில் வண்டி வரிசை புறப்படுமுன்னரே காமிராவைப் பைக்குள் இட்டு மூடிவிட வேண்டும்.