டைம்டேபிள் இல்லாத படிப்பு



அமெரிக்காவில் ஒரு வகுப்பறை. ஆசிரியை கரும்பலகையில் மூன்று பத்தி பிரித்து, பெயர்ச்சொல், பெயரடை, வினைச்சொல் என்று தலைப்புப் போட்டிருக்கிறார். அவர் ஒரு சொல்லைச் சொல்வார். அது எந்தப் பத்தியில் சேரும் என்று பிள்ளைகள் சொல்லவேண்டும். சொல்கிறார்கள், பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார்கள். இலக்கணம் பிடிபட்டுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். கூட இருந்து கவனித்த ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியருக்கு மட்டும் சந்தேகம். சொல்லை வாயால் சொல்லும்போதே, எழுதுவதற்குத் தயாராக, ஆசிரியையின் உடம்பு சரியான பத்தியின் பக்கம் லேசாகத் திரும்பிவிடுகிறது. பிள்ளைகள் அந்தத் திருப்பத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள். பெயரடை என்றால் என்ன என்று தனியாகக் கேட்டால் விழிப்பார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. வாத்தியாரின் புருவம் கொஞ்சம் உயர்ந்ததும் பதிலை மாற்றிக்கொள்ளாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது?

ஹோல்ட் இப்படிப் பார்த்ததையெல்லாம் குறித்துவைத்து, குழந்தைகள் எப்படித் தோற்றுப்போகிறார்கள் என்று 1964-ல் ஒரு புத்தகமாகப் போட்டார். மக்குப் பிள்ளைகள் செய்கிற வேலை இல்லை இது, பயந்த பிள்ளைகள் செய்கிற வேலை என்பது அவர் கட்சி. பதில் தப்பாகிவிடக் கூடாதே என்ற கவலையிலேயே புத்தி முழுக்கச் செலவாகிவிட்டால், பாடத்தை யோசிக்க மிச்சம் என்ன இருக்கும்? பத்து வருடத்துக்கு மேல் பள்ளிகளைத் திருத்தலாம் என்று பேசியும் எழுதியும் பார்த்தார். திருந்தாது என்று முடிவுகட்டி, 1977-ல் போஸ்டனிலிருந்து ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வளர்க்கும் பெற்றோருக்கான பத்திரிகை. அவர் பரப்பிய வழிக்கு அன்ஸ்கூலிங் என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஹோம் ஸ்கூலிங் என்று நாம் கேள்விப்படுவதும் இதுவும் ஒன்றல்ல. ஹோம் ஸ்கூலிங் பல வீடுகளில் பள்ளிக்கூடத்தையே வீட்டுக்குள் கொண்டுவருவதுதான். அம்மா டீச்சர், சாப்பாட்டு மேசை டெஸ்க், ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்து மணிக்கு அறிவியல். அன்ஸ்கூலிங்கில் டைம்டேபிளே கிடையாது. பிள்ளைக்கு எறும்பில் ஆர்வம் வந்தால் எறும்பு, சமையலில் வந்தால் சமையல். படிப்பு அதன் வழியே வரும் என்று நம்பிக் காத்திருப்பார்கள்.

உடனே வரும் கேள்வி எனக்குத் தெரியும். வாய்ப்பாட்டை யார் சொல்லிக்கொடுப்பது? எந்தப் பிள்ளையாவது தானாக வந்து, எனக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடு என்று கேட்குமா?

கேட்ட கதை ஒன்று உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 1968-ல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளி. வீடு அல்ல, பள்ளிதான். ஆனால் பிள்ளைகள் கேட்டால் ஒழிய வகுப்பு நடக்காது. மீன் பிடிக்கலாம், மரம் ஏறலாம், நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கலாம். பள்ளியின் விதிகளைக் கூட்டம் போட்டு ஓட்டெடுத்து முடிவு செய்வார்கள். பெரியவர்களுக்கும் ஒரு ஓட்டு, ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு.

அந்தப் பள்ளியை நிறுவியவர்களில் ஒருவர் டேனியல் கிரீன்பெர்க். ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையில் பன்னிரண்டு பிள்ளைகள் அவரிடம் வந்து கணக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று நின்றார்களாம். உங்களுக்கு உண்மையில் வேண்டாம், வீட்டில் சொல்லியனுப்பியிருப்பார்கள் என்று முதலில் தட்டிக்கழித்தார். அவர்கள் விடவில்லை. சரி என்று நிபந்தனை போட்டார். செவ்வாயும் வியாழனும் காலை பதினொரு மணிக்கு, அரை மணி நேரம். ஐந்து நிமிடம் தாமதமானால் அன்றைக்கு வகுப்பு கிடையாது. இரண்டு தடவை அப்படி நடந்தால் வகுப்பே கிடையாது. கையில் எடுத்தது 1898-ல் வந்த ஒரு பழைய கணக்குப் புத்தகம். கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு, நீள்வகுத்தல், பின்னம், தசமம், சதவீதம் என்று போய் வர்க்கமூலம் வரை முடித்துவிட்டார்கள். இருபது வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம். மொத்தம் இருபது மணி நேரம்.

நாம் ஆறு வருடம் இழுக்கிற பாடம் இது. பள்ளியை நிறுவியவரே தன் பள்ளியைப் பற்றிச் சொல்வது என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். பாதியைக் கழித்தாலும் மிச்சம் இருப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் நான் இதில் கவனிப்பது வேறு. அன்ஸ்கூலிங் என்றால் ஆசிரியர் இல்லாத படிப்பு என்று நினைக்கிறோம். இந்தக் கதையில் ஆசிரியர் இருக்கிறார், நம் ஊர் கணக்கு வாத்தியாரை விடக் கறாராகவே இருக்கிறார். மாறியிருப்பது ஒன்றுதான்: பிள்ளை கேட்ட பிறகு பாடம் தொடங்குகிறது. கேட்கும்போது பதில் சொல்ல ஒரு பெரியவர் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சும்மா உட்கார்ந்திருப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இதற்குச் சாட்சி அமெரிக்காவில்தான் தேடவேண்டும் என்பதில்லை, புதுச்சேரிப் பக்கத்திலேயே இருக்கிறது. கதை தொடங்கியது டெல்லியில். கல்காஜியில், 1999-ல், சுகதா மித்ரா என்ற ஆய்வாளர் தன் அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு, மறுபக்கம் இருந்த குடிசைப் பிள்ளைகள் பார்க்கும்படி ஒரு கம்ப்யூட்டரைப் பதித்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் இணையத்தில் உலாவக் கற்றுக்கொண்ட கதை உலகம் முழுக்கப் பரவியது. பிறகு அவர் தன் யோசனை தோற்கவேண்டும் என்றே கடினமான ஒரு பரீட்சை வைத்தார். புதுச்சேரியை ஒட்டிய காலிக்குப்பம் என்ற மீனவ கிராமம். அங்கே தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு முன்னால் ஆங்கிலத்தில் உயிரித் தொழில்நுட்பப் பாடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். போகும் முன் வைத்த தேர்வில் எல்லோருக்கும் பூஜ்யம். இரண்டு மாதம் கழித்து வந்து என்ன புரிந்தது என்று கேட்டதற்கு, ஒன்றும் புரியவில்லை என்றார்களாம். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். டிஎன்ஏ தப்பாகப் படியெடுத்தால் நோய் வரும் என்பதைத் தவிர மற்றது விளங்கவில்லை என்று ஒரு சிறுமி சொன்னதாக மித்ரா மேடைகளில் சொல்லியிருக்கிறார். மறுபடி தேர்வு வைத்தால் நூற்றுக்கு முப்பது.

பிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி. உயிரியல் தெரியாத உள்ளூர் இளம்பெண் ஒருவரை அவர்களோடு இருக்கச் சொன்னார் மித்ரா. பாடம் நடத்தவேண்டாம். பாட்டி மாதிரி பின்னால் நின்று, அட, இது என்ன, எனக்கும் காட்டேன் என்று வியந்து கேட்டால் போதும். இன்னும் இரண்டு மாதத்தில் முப்பது ஐம்பதானது. டெல்லியில் நல்ல வசதியான தனியார் பள்ளியில், பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் அதே பாடத்தைப் படித்த பிள்ளைகளின் அளவு அது.

உலகம் இதைக் கம்ப்யூட்டரின் வெற்றி என்று கொண்டாடியது. 2013-ல் டெட் பரிசாகப் பத்து லட்சம் டாலரும் கொடுத்தது. முப்பதிலிருந்து ஐம்பதுக்குப் போன அந்த இருபது மார்க், பின்னால் நின்ற பெண்ணுடையது என்பேன் நான். சுவரில் பதித்த பெட்டிகளில் சில, ஆள் இல்லாத இடங்களில், சில வருடங்களிலேயே கேட்பாரற்றுப் போனதையும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இதுவரை கேட்டவர்களில் சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, ஒரு கசப்பு எழும்பியிருக்கும். எழும்பவேண்டும். 1953-ல் ராஜாஜி ஆட்சியில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று அதை எதிர்த்துப் பெரும் போராட்டம் நடந்தது. மறுவருடம் காமராஜர் முதல்வரானதும் அது போனது. செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத் தைக்கவும், வெளுப்பவர் பிள்ளை வெளுக்கவும் கற்றுக்கொள்ள எதற்கு ஒரு திட்டம்? பள்ளிக்கு வெளியே கற்றல் என்று எவராவது பேச்செடுத்தால் தமிழ்நாடு சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இந்த நினைவு ஒரு காரணம். நியாயமான காரணம்.

ஹோல்ட் சொன்னது அதுவல்ல. அங்கே வழியைப் பிறப்பு தீர்மானித்தது, இங்கே பிள்ளை தீர்மானிக்கவேண்டும். இருந்தாலும் வித்தியாசம் ஏட்டில் தெரிவது போல வீட்டில் தெரியாது. பள்ளிக்குப் போகாத பத்து வயதுப் பெண் குழந்தை, பெற்றோர் இருவரும் கூலிக்குப் போகிற வீட்டில் என்ன செய்யும்? தம்பியைப் பார்த்துக்கொள்ளும், தண்ணீர் பிடிக்கும், சோறு வடிக்கும். அதற்கு எறும்பில் ஆர்வம் வந்தால் கூட நின்று பார்க்க ஆள் கிடையாது. நம் பள்ளிக்கூடம் பாடம் மட்டும் நடத்தவில்லை. 1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் வந்த காலை உணவு எல்லாம் அங்கேதான் பரிமாறப்படுகிறது. வெவ்வேறு தெருப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருவதும் அங்கேதான். கொரோனாவில் பள்ளிகளைப் பூட்டியபோது என்ன ஆனது என்று பார்த்தோம். விட்டுப்போன படிப்பைப் பிடிக்க 2021-ல் இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பவேண்டி வந்தது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு அன்ஸ்கூலிங்கை நான் ஒருநாளும் சிபாரிசு செய்யமாட்டேன்.

பின் யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் படித்த, வீட்டில் புத்தகமும் இணையமும் உள்ள பெற்றோர். மேடையில் அப்பா பேசுவார். வேலையை விட்டவர் அம்மாவாக இருப்பார். இந்தக் கணக்கையும் போடவேண்டும்.

இன்னொன்று. இந்தப் பேச்சில் கட்டாயம் யாராவது ராமானுஜனை இழுப்பார்கள். அவர் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் பரிசு வாங்கிய மாணவர். தோற்றது கல்லூரியில். ஜி.டி. நாயுடு கொஞ்சம் பொருந்துவார். பள்ளியில் நிலைக்காதவர், ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து இயந்திரம் கற்றார். ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அவர் வளர்ந்தது சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில். நாள் முழுக்கப் படிப்பதும் விவாதிப்பதுமாக இருந்த பெரியவர்கள் நடுவில். அந்த அலுவலகம் இல்லாத ஐந்தாம் வகுப்புச் சிறுவர்கள் எத்தனை லட்சம் பேர்! அவர்களைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை.

அமெரிக்க உளவியலாளர் பீட்டர் கிரே, ஜினா ரைலியோடு சேர்ந்து, அன்ஸ்கூலிங்கில் வளர்ந்து பெரியவர்களான 75 பேரிடம் விசாரித்தார். பெரும்பாலோர் திருப்தியாகவே இருந்தார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் அதை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. வருத்தப்பட்டவர்கள் மூன்றே பேர். அந்த மூவரின் குறைகளில் முக்கியமானவை இவை: வீட்டுக்குள் தனித்து விடப்பட்டதும், பெற்றோர் தம் துயரத்தில் மூழ்கிப் பிள்ளையைக் கவனிக்காததும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கவே முடியாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2019-ல் அதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் எல்லா மாநிலத்திலும் அனுமதி உண்டு. இந்தியாவில் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், பதினான்கு வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். அந்தச் சான்றிதழைச் சேரப்போகும் கல்லூரி ஏற்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளியை விட்டு எடுக்கப்போகிறவர்கள் நம்மில் வெகு சிலர். அவர்களுக்கு என் கேள்வி ஒன்றுதான்: தினமும் பகலில் பிள்ளையோடு இருக்கப்போவது வீட்டில் யார்? அந்தப் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் டி.சி. வாங்காதீர்கள். பள்ளிக்கு அனுப்பும் மற்றவர்கள், ஞாயிற்றுக்கிழமை டியூஷனையாவது நிறுத்திவிடுங்கள். பிள்ளை அன்றைக்கு எதைப் பிரித்துப் போட்டாலும், எதைக் கிளறினாலும், போனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இது என்ன என்று கேளுங்கள்.