ஒரே பந்தியில் உட்கார்ந்து பேசுவோம்

பள்ளிவாசல் இமாம் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, காளியம்மன் கோயில் பெரியவர்களே, பகல் ஷிப்ட் முடித்து பஞ்சுத் தூசியோடு வந்து அமர்ந்திருக்கும் தறித் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே!

நோன்பு திறக்க இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கிறது. கஞ்சி இறக்கிவிட்டார்கள் என்று மூக்கு சொல்கிறது. பசித்தவர்களிடம் நீட்டி முழக்குவது பாவம். பாங்குக்கு முன் முடித்துவிடுகிறேன்.

இந்த மாசி மாதத்தைப் பாருங்கள். ரமலான் நோன்பு நடக்கிறது, தவக்காலமும் கூடவே வந்திருக்கிறது. காப்புக் கட்டிக்கொண்டு குண்டம் இறங்க விரதம் இருப்பவர்களும் இந்தப் பந்தலில் இருக்கிறார்கள். ஊரில் பாதிப்பேர் விரதம். மீதிப்பேர்? தறியை நிறுத்தினால் மீட்டர் குறையும், மீட்டர் குறைந்தால் கூலி குறையும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறார்கள். அதை நாம் விரதம் என்று சொல்வதில்லை. நாமாகச் சோற்றை விட்டால் நோன்பு. வேறு வழியில்லாமல் விட்டால் பட்டினி. வயிற்றுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதனால்தான் நோன்பிருக்கிறவனுக்குப் பட்டினி கிடக்கிறவனைச் சட்டென்று புரிய வேண்டும்.

அப்படிப் புரிந்துகொண்ட ஒருவரின் கதை சொல்கிறேன். 1918 மார்ச் மாதம். அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள், இந்துக்களும் முஸ்லிம்களுமாக, 35 சதவீதக் கூலி உயர்வு கேட்டுப் போராடுகிறார்கள். முதலாளிகள் 20-க்கு மேல் ஏறவில்லை. முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நிற்பவர்கள் காந்தியும், அம்பாலாலின் சொந்த அக்கா அனசூயாவும். சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் தினமும் கூட்டம். நாளாக ஆகப் பசி வருகிறது, கூட்டம் குறைகிறது. காந்திக்கும் அனசூயாவுக்கும் என்ன, காரில் வருவார்கள், நன்றாகச் சாப்பிடுவார்கள் என்று தொழிலாளர்கள் குத்திப் பேசினார்கள். அந்தச் சொல் காந்தியின் காதுக்கு வந்தது. அவர் கோபப்படவில்லை. மார்ச் 15 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்று நாளில் உடன்பாடு வந்தது. பிறகு நடுவர் தீர்ப்பில் அந்த 35-ம் கிடைத்தது.

அதற்கு ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 27-ல், சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கிறது. எங்கே முளைத்தது தெரியுமா? பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்திய பக்திச் சபையில்! வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபைக்குப் பஜனை கேட்கவும் சொற்பொழிவு கேட்கவும் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் வருவார்கள். பெருமாள் கதை கேட்டவர்கள் மெல்லத் தங்கள் கதையையும் சொன்னார்கள். மதியம் சாப்பிட அரை மணி நேரம்தான், கை கழுவி உட்காருவதற்குள் சங்கு ஊதிவிடுகிறது என்றார்கள். வைணவச் சபை, தோள் கொடுத்தவர் சைவத் தமிழறிஞர் திரு.வி.க.; தலைவரானவர் பார்சிக்காரர் வாடியா. சங்கத்துக்கு அடிக்கல் ஒரு கவளம் சோறு.

பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் நேர்மையானவன் இல்லை. 1921-ல் அதே ஆலைகளின் வேலைநிறுத்தம் சாதி வழியே பிளந்தது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபுறம், ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் மறுபுறம். புளியந்தோப்பில் கலவரம், தீ. போராட்டம் தோற்றது. ஒரே பந்தியில் உட்காரவிடாதவனை ஒரே போராட்டத்துக்குக் கூப்பிட்டால் எந்த நம்பிக்கையில் வருவான், சொல்லுங்கள்! இந்தப் பாடம் நமக்குத் தூரத்தில் இல்லை. 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் வைத்து, ஏழைகளுக்கு நூற்புக் கூலி கொடுத்தார். அங்கேயும் தீண்டாமை பார்க்காததற்கு எதிர்ப்பு வந்தது.

மறுபடி நோன்புக்கு வருகிறேன். கடல் கடந்தும் அந்தக் கதை உண்டு. 1968-ல் கலிஃபோர்னியாவின் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ், தம் தோழர்கள் வன்முறைப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று 25 நாள் உண்ணா நோன்பிருந்தார். அது முதலாளியை மிரட்ட எடுத்த நோன்பு இல்லை. தம் ஆட்களைத் திருத்த எடுத்தது. காந்தியும் தம் அகமதாபாத் நோன்பில் ஒரு குறை இருந்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டார். முதலாளிகள் அவர்மேல் அன்பு வைத்தவர்கள், அதனால் நோன்பு அவர்களை நெருக்கிவிட்டது என்றார்.

ஆகவே எனக்கு ஒரு யோசனை. அடுத்த கூலி உயர்வுப் பேச்சுக்கு முந்தின நாள் மூன்று வழிபாட்டு இடங்களிலும் பிரார்த்தனை செய்து, எல்லோரும் ஒரு பகல் விரதம் இருப்போம். தறி முதலாளிகளையும் அழைப்போம். அவர்களும் நம் கோயிலுக்கும் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் வருகிறவர்கள்தானே? பசி என்றால் என்னவென்று ஒரு பகல் பார்த்துவிட்டுப் பேச்சுவார்த்தைக்கு வரட்டும். வரும்போது முன்பணக் கணக்கு நோட்டையும் கொண்டுவரட்டும். கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைப்பது 1976-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சேலத்துக் கொலுசுப் பட்டறையானாலும், ஜவ்வரிசி ஆலையானாலும், நம் தறிக்கூடமானாலும் சட்டம் ஒன்றுதான்.

இன்றே தொடங்க ஒரு சின்ன வேலை. இரவு ஷிப்டில் இருப்பவர்களுக்குத் தூக்குவாளியில் கஞ்சி போகட்டும். ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு குடிக்க வேண்டாம். தறியை நிறுத்தி, உட்கார்ந்து குடிக்கட்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கும் கூலி உண்டு என்று இங்கே இருக்கும் முதலாளிகளில் ஒருவர் எழுந்து சொன்னால், நான் பேசியதற்கு அது போதும்.