ஆசிரிய பீடத்திலிருந்து அரசாங்க சபைக்கு



1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே காங்கேசன்துறைத் தொகுதியில் இருவருக்கிடையே பெரும் போட்டி நிகழ்ந்தது. ஒருவர் தமிழரசுக் கட்சியின் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்கள். மற்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் நின்ற சு. நடேசபிள்ளை அவர்கள். முன்னவர் மலாயாவில் ஈப்போ நகரிற் பிறந்து, சிறு பிராயத்திலேயே தெல்லிப்பழைக்கு வந்து வளர்ந்தவர். பின்னவர் தமிழகத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்து ஆசிரியராக அமர்ந்தவர். செல்வநாயகம் அவர்களும் ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்தவரே. ஆயினும் அவருக்கு ஆசிரியத் தொழில், சட்டத்துறைக்குச் செல்லும் வழியிலே ஒரு தங்குமடம் போன்றது. நடேசபிள்ளை அவர்களுக்கோ அதுவே அரசியலுக்கு வாயிலாக அமைந்தது. கடல் கடந்து வந்த ஓர் உபாத்தியாயரை இந்த மண் எவ்வாறு தன் பிரதிநிதியாக ஏற்றுக்கொண்டது என்பதையே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

மருதனார்மடம் என்ற ஊரின் பெயரிலேயே ஒரு மடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் பெருவீதியில் இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் உள்ளது அவ்வூர். அங்கே 1913ஆம் ஆண்டு சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார்கள். சைவப் பெண்கள் தம் சமயத்தை விடாது உயர்கல்வி பெறவேண்டும் என்பது அவர்களது நோக்கம். ஆனால் கற்பிப்போர் எங்கிருந்து வருவது? உள்ளூரிலே அக்கல்வி பெற்ற பெண்கள் மிகச் சிலரே. ஆகவே வெளியூரார் வந்தனர். கல்லூரியின் தொடக்க காலத்தில் அதிபராக இருந்தவர் இலண்டன் நாடக மேடைகளிலே பெயர்பெற்ற புளோரன்ஸ் பார் என்னும் ஆங்கில மாது; கவிஞர் யேற்ஸுக்கும் பேர்னாட் ஷாவுக்கும் நண்பர். அவர் 1917இல் கொழும்பிலே காலமானார். இராமநாதன் அவர்களின் துணைவியாராகிய லீலாவதி அம்மையாரும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவரே. பனங்கூடலும் புகையிலைத் தோட்டமும் சூழ்ந்த ஒரு கிராமத்திலே இவ்வளவு தூரத்து மனிதர்கள் வந்து கூடியது வியப்புக்குரியதன்றோ!

ஆண்களுக்காக இராமநாதன் அவர்கள் 1921இல் திருநெல்வேலியில் தொடங்கிய கல்லூரி பரமேஸ்வராக் கல்லூரி. அதன் அதிபராக விளங்கியவர் நடேசபிள்ளை அவர்கள். இராமநாதன் அவர்களின் மகளை மணந்து அக்குடும்பத்தின் மருமகனாகவும் ஆனார்கள். அரசியலுக்கு அவரைக் கொண்டுவந்தது இந்த மணவுறவே என்று கூறுவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. என்றாலும் அது முழு உண்மையன்று. அந்நாளில் ஆங்கிலக் கல்வியிற் பெரும்பகுதி மிஷனரிமார் கையிலே இருந்தது. சைவப் பிள்ளைகளுக்கென ஓர் ஆங்கிலக் கல்லூரி, அதுவும் தமிழையும் வடமொழியையும் மதித்துக் கற்பிக்கும் கல்லூரி, பெற்றோருக்குப் பெரிய ஆறுதல். மகனுக்கு அரசாங்க உத்தியோகம் வேண்டுமாயின் அதிபரின் நற்சான்றுப் பத்திரம் வேண்டும். கோயில் திருவிழாவிலே பேசுவதற்கும் அதிபரே வேண்டும். இவ்வாறு வீடுவீடாக அறிமுகமான ஒருவர் வாக்குக் கேட்டு வரும்போது அவர் எந்த ஊரிற் பிறந்தவர் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

வாக்குரிமையைப் பற்றி இங்கே ஒரு செய்தி சொல்லவேண்டும். டொனமூர் ஆணைக்குழு வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கச் சொன்னபோது அதனைக் கடுமையாக எதிர்த்தவர் இராமநாதன் அவர்கள். 1930இல் அவர்கள் மறைந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி கேட்டுக்கொண்டதனால் வடக்கிலே நான்கு ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. 1934இல் அவற்றை நிரப்ப இடைத்தேர்தல் நடந்தபோது பருத்தித்துறைக்கு ஜி. ஜி. பொன்னம்பலமும், யாழ்ப்பாணத்துக்கு அருணாசலம் மகாதேவாவும், காங்கேசன்துறைக்கு நடேசபிள்ளையும் தெரிவாயினர். மாமனார் விரும்பாத வாக்குரிமையினாலேயே மருமகனார் சபைக்குட் புகுந்தார்!

1936இல் மீண்டும் தெரிவாகி, 1947 வரை அரசாங்க சபையில் இருந்தார்கள். அதே சபையில் ஹட்டன் தொகுதிக்கு இன்னொரு நடேசர் இருந்தார். அவர் தஞ்சையிலிருந்து வந்து தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட கோ. நடேசையர். இருவரும் பாக்குநீரிணைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள். ஆனால் ஒருவர் கல்லூரி வாயிலால் வந்தார். மற்றவர் தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளின் குரலாக வந்தார். ‘வந்தான் வரத்தான்’ என்றொரு சொல் யாழ்ப்பாணத்தில் உண்டு. அச்சொல் யார்மீது விழுகிறது, யார்மீது விழாமற் போகிறது என்பதை இந்த இரு நடேசரையும் வைத்துப் பார்த்தால் நன்கு விளங்கும்.

1947இல் காங்கேசன்துறையிலே நடேசபிள்ளை அவர்கள் தோல்வியுற்றார்கள். வென்றவர், அப்பொழுது தமிழ்க் காங்கிரசில் இருந்த செல்வநாயகம் அவர்கள். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டுத் தமிழர் பிரசாவுரிமையை இழந்தனர். பின்னர் வாக்குரிமையையும் இழந்தனர். இதனைக் கண்டித்துத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்த செல்வநாயகம் அவர்கள் 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்கள். 1952ஆம் ஆண்டுத் தேர்தலின் விசித்திரம் இங்கேதான் இருக்கிறது. இந்திய வம்சாவளியினரின் உரிமைக்காக வாதாடியவரை, அவ்வுரிமையைப் பறித்த கட்சியின் வேட்பாளராக நின்று தோற்கடித்தவர், இந்தியாவிலிருந்து வந்த ஒருவர்! சட்டம் நிறைவேறியபோது நடேசபிள்ளை அவர்கள் பிரதிநிதிகள் சபையில் இருக்கவில்லை என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஆயினும் அச்சட்டத்தை இயற்றிய கட்சியின் பெயராலேயே அவர் மக்கள்முன் நின்றார். செல்வநாயகம் கிறிஸ்தவர், நடேசபிள்ளை சைவர் என்னும் பேச்சும் அத்தேர்தலிலே எழுந்தது. சமயம் ஒன்றாயிருந்தால் பிறந்த ஊர் வேறாயிருப்பது பெரிதாகத் தோன்றவில்லை. மலைநாட்டிலோ, 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஆசனங்களில் ஒன்றுகூட 1952இல் அதற்கு மீளவில்லை.

1953இல் சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானபோது நடேசபிள்ளை அவர்கள் அமைச்சரானார்கள். தபாலும் ஒலிபரப்பும் அவரது பொறுப்பில் இருந்தன. ஆகவே அந்நாளைய இலங்கை வானொலியும் ஒரு பள்ளிக்கூட அதிபரின் கண்காணிப்பிலே இயங்கிற்று எனலாம். அடுத்த ஆண்டு கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு வந்த பிரதமர், சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து அளிப்பதாகச் சொன்னார். தெற்கிலே கிளர்ச்சி எழுந்தது. 1956 பெப்ரவரியில், களனியிலே கூடிய அதே கட்சி சிங்களம் மட்டும் என்று தீர்மானித்தது. 1944இல் அரசாங்க சபையிலே ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்த மொழிப் பிரேரணையில் வி. நல்லையாவின் திருத்தத்தினாலே தமிழும் சேர்க்கப்பட்டதை நேரிலே கண்ட தலைமுறையினர் நடேசபிள்ளை அவர்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த நம்பிக்கை முறிந்தது. அவரது அமைச்சர் பதவியும் அவ்வாண்டோடு முடிந்தது. காங்கேசன்துறை மக்கள் மறுபடியும் செல்வநாயகம் அவர்களையே தெரிந்தெடுத்தனர்.

பின்னர் மூதவையிலும் உறுப்பினராக இருந்தார்கள். ஆயினும் அவரது பிற்கால முயற்சிகளிலே நிலைத்து நின்றது அரசியல் அன்று என்பது என் கருத்து. தமிழிலே நல்ல புலமையுடையவர். சகுந்தலையின் கதையை வெண்பாவிற் பாடியவர். 1960ஆம் ஆண்டு மருதனார்மடத்திலே, இராமநாதன் அவர்களின் பெயரால் ஓர் இசைக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அங்கும் கற்பிக்க ஆசிரியர் வேண்டியிருந்தது. அவர்களும் தமிழகத்திலிருந்தே வந்தார்கள். மகாராஜபுரம் சந்தானம் அவர்கள் அதன் அதிபராகப் பணியாற்றினார்கள். 1965 ஜனவரியிலே நடேசபிள்ளை அவர்கள் காலமானார்கள். பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவிலே 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. அடுத்த ஆண்டு இசைக் கல்லூரியும் அதனோடு சேர்ந்தது.